குளியலறையில் கழுவிய குடும்பங்கள்

“இனிமே இந்தக் கையால கலர் படம் எடுக்க மாட்டேன்!”

போட்டோக்காரர் இப்படிச் சபதம் செய்தபோது அவர் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“எந்தக் கையால?”

“ரெண்டு கையாலயும்தான்.”

“அப்ப காலால எடுப்பீங்களா?”

“விளையாடாதே. கலர்ல எடுத்தா சட்டை தெரியும், சேலை தெரியும், பின்னால தொங்குற திரை தெரியும். கறுப்பு வெள்ளையில எடுத்தாத்தான் மனுசன் தெரிவான். குடும்பம் தெரியும். அன்பு தெரியும்!”

“சோறு தெரியுமா?”

பெரிய முடிவு எடுக்கிறவர்கள் சில்லறைக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வதில்லை.

மறுநாளே கடைப் பலகையைச் சுரண்டி, ‘குடும்ப அன்பு – கறுப்பு வெள்ளையில் மட்டும்’ என்று எழுதினார். கோழிக்கூடு அளவுக்கு ஒரு பழைய பெட்டிக் கேமராவை எங்கிருந்தோ பிடித்து வந்தார். அதற்கு மூன்று மரக்கால்கள். முதுகில் ஒரு மங்கல் கண்ணாடி. எடுக்கிறவர் தலையை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. தெருவே அவரைக் ‘கறுப்பு வெள்ளைக்காரர்’ என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெயரில் பின்பாதி அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒரு சிக்கல். அந்தக் கேமராவில் எடுத்த பிலிமை அவரே கழுவ வேண்டும். கழுவ இருட்டு வேண்டும், தண்ணீர் வேண்டும். கலரை விட்டதிலிருந்து கடையில் ஆள் நடமாட்டம் குறைந்து இருட்டுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. ஆனால் தண்ணீர்க் குழாய் கிடையாது. இருட்டும் தண்ணீரும் ஒருசேரக் கிடைக்கிற இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

குளியலறை.

காற்றுப் போகும் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். சிவப்பு விளக்கு மாட்டினார். குளிக்கிற இடத்தின் மேல் கதவுப் பலகை ஒன்றைப் போட்டு, அதில் மருந்துத் தட்டுகளை வரிசையாக வைத்தார். துண்டு தொங்கிய கொடியில் யார் யார் குடும்பமோ கிளிப்பில் தொங்கியது. கடைசியாக வெளியே ஒரு பூட்டு.

“நாங்க எங்க குளிக்கிறது?” என்றாள் மனைவி.

“மாடி வீட்டு அக்கா தங்கமானவங்க. ஒரு பக்கெட் தண்ணிக்கு வேண்டாம்னா சொல்லப்போறாங்க?”

“மாடிப்படிக்குக் கீழ சாமான் ரூம் சும்மாத்தானே கெடக்கு? அங்க வச்சுக்கக் கூடாதா?”

“அங்கயா? நிமிர்ந்தா தலை இடிக்கும். கலைஞன் குனியக் கூடாது.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சோப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மாடிக்கு யாத்திரை போனார்கள். மனைவி, பள்ளிக்கூடம் படிக்கிற மகள், மாமனார். மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் “ரைட்” என்பார். “மாமா, இனிமே குளிக்க மாடிக்குப் போகணும்.” “ரைட்.” இப்படி ஒரு மாமனார் வாய்க்க ஏழு ஜன்மம் தவம் செய்ய வேண்டும்.

மகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. “மாடி வீட்டு மாமா வெளிய நின்னு தொண்டையைக் கனைக்கிறாரும்மா. காதுல சோப்பு அப்படியே இருக்கு” என்று அழுதாள்.

“ஊர்க் குடும்பத்தையெல்லாம் கழுவிக் காயப்போடுறீங்க” என்றாள் மனைவி. “சொந்தக் குடும்பம் கழுவாமக் கெடக்கு.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மாமனார் ஈரக் காலோடு மாடிப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. முழங்கால் சுரைக்காய் போல் வீங்கியது. அப்போதும், “ஒண்ணுமில்லம்மா, ரைட், ரைட்” என்றுதான் சொன்னார். மனைவி அவர் காலைத் துடைத்துவிட்டு எழுந்தாள். கணவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினாள் என்றால் முழுசாக இல்லை. சொல்ல வேண்டியதை மகள் வழியாகச் சொன்னாள்.

“வாலு, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.”

“அப்பா, சாப்பிட வரணுமாம்.”

“எனக்குக் காது கேக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

“அம்மா, அப்பாவுக்குக் காது கேக்குதாம்.”

“காது கேக்கும்னு தெரியும், மனசு கேக்குமான்னுதான் தெரியலன்னு சொல்லு.”

நடுவில் கழுத்தைத் திருப்பித் திருப்பி மகளுக்கு வலியெடுத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் கடைக்கு ஜவுளிக்கடை அம்மா வந்தார். ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடை அவருடையது. மூன்று மாடியில் புதுக் கட்டடம் எழுப்பியிருந்தார். சுவரெல்லாம் தன்னிடம் வேலை செய்கிறவர்களின் குடும்பப் படங்கள், ஆள் உயரத்துக்கு, கறுப்பு வெள்ளையில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் பலகையை மறுபடி சுரண்ட வேண்டியதுதான். மனைவி முன்னால் நின்று, ‘கலரும் எடுக்கப்படும்’ என்று எழுத வேண்டியதுதான்.

ஜவுளிக்கடை அம்மா மாதிரிப் படங்களைப் புரட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா எல்லாரும் உங்களுக்குப் பயந்து உக்காந்த மாதிரி இருக்கு. உங்க வீட்டுப் படம் இருக்கா?”

“எங்க வீட்டுப் படமா?”

“சமையல்காரர் கைமணம் அவர் வீட்டுச் சாப்பாட்டுல தெரியும்னு சொல்வாங்க. உங்க குடும்பத்தை நீங்க எப்படி எடுத்திருக்கீங்கன்னு பாத்தா எனக்குப் புரிஞ்சுடும்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு அவரைக் கேட்காமலே, “ஹால்ல பெருசா மாட்டியிருக்கேம்மா!” என்றது.

“அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்து பாத்துடறேன்.”

அவர் போன பிறகு போட்டோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரார் வீட்டு அன்பையெல்லாம் எடுத்தவர், தன் வீட்டில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. இப்போது எடுக்கலாமென்றால் மனைவி முகத்தில் அன்பு கிடக்கட்டும், முகத்தையே காட்ட மாட்டேன் என்கிறாள். வெளியூரிலிருந்து வர வேண்டிய பிலிம் பார்சல் வரவில்லை. கையில் மூன்று பிலிம் தாள்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு தந்திரம் தயாராகிவிட்டது.

“வாலு, உங்கம்மாகிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் படம் பாக்க ஜவுளிக்கடை அம்மா வர்றாங்க. அன்னைக்குக் காலையில நாம குடும்பப் படம் எடுக்கறோம். அந்தப் படம் கழுவி முடிஞ்சதும் குளியலறை உங்கம்மாவுக்குத்தான்.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி தானே வெளியே வந்தாள்.

“நெசமாவா?”

“சத்தியமா. படம் கழுவி முடிஞ்சதும்.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“உன் முகத்துல கொஞ்சம் அன்பு தெரியணும். அவ்வளவுதான்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சரி” என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கேமரா பழுது பார்க்கிற நண்பருக்கு போன் போட்டார். “திருப்பிக் குடுக்கறதா? நான் என்ன கிறுக்கனா? ‘கழுவி முடிஞ்சதும்’னுதானேப்பா சொல்லியிருக்கேன். படம் கழுவறது என்னைக்கு முடியும்? ஆயுசுக்கும் கழுவிக்கிட்டே இருப்பேன்!” என்று சொல்லிச் சிரித்தார். குளியலறையில் சிரித்தால் கணீரென்று எதிரொலிக்கும். அதைக் கேட்டு இன்னொரு முறை சிரித்தார்.

அடுத்த இரண்டு நாளும் மனைவி அவரிடம் நேராகவே பேசினாள். சாப்பாட்டைச் சூடாகப் போட்டாள். “கடையிலேருந்து சீக்கிரம் வரணும்னு ஒண்ணுமில்ல, நிதானமா வாங்க” என்றாள். அந்தக் கனிவுதான் அவரைப் பயமுறுத்தியது. கல்யாணமான நாளாக அவர் கண்ட அனுபவம், அவள் திட்டினால் மழை, திட்டாவிட்டால் புயல்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

“என்னங்க, நாற்காலியில உக்காந்தா ஆளுக்கொரு பக்கம் இருப்போம். குடும்பம்னா ஒட்டி உக்கார வேண்டாமா? கடையிலேருக்கிற பெஞ்சைக் கொண்டு வந்துடுங்களேன்.”

சரியான யோசனை. தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. குளியலறைப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிலிம் தாள் மூன்றும் முதல் நாளே வெளிச்சம் புகாத பிலிம் கூட்டில் ஏறி, ஹாலில் பத்திரமாக இருந்தன. கடைக்குப் போய், தள்ளுவண்டி பிடித்து, பெஞ்சை ஏற்றி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். குளியலறைக் கதவில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

“பெஞ்சை இங்க போடுங்க” என்றாள் மனைவி. “ஜன்னல் வெளிச்சம் இங்கதான் நல்லா விழுது.”

அதுவும் சரியாகத்தான் இருந்தது. பெஞ்சுக்கு எதிரே கேமராவை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் நடை, நடையின் கடைசியில் குளியலறை. அவர் திரும்பிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மாமனார், மடியில் எதையோ சுருட்டி வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் வாலு. அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்தக் கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக மனைவி தெரிந்தாள். உதடு இரண்டு ஓரமும் மேலே வளைந்து, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆகா! அப்படியே இரு! அந்தச் சிரிப்பு மாறக் கூடாது!” என்று உள்ளேயிருந்து கத்தினார்.

“நான் எங்க சிரிக்கிறேன்?” என்றது வெளியேயிருந்து குரல்.

தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். உதடு இரண்டு ஓரமும் கீழே வளைந்து, மழை பிடிக்கப்போகிற முகமாக உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் அன்பா பாரேன்.”

“இதான் என்கிட்ட இருக்கிற அன்பு.”

“இது போதாது.”

“இருக்கிறதைத்தானே தர முடியும்? இல்லாததைத் தர்றேன்னு ஏமாத்த எனக்குத் தெரியாது.”

அவருக்கு சுருக்கென்றது. இவளுக்கு ஏதாவது தெரியுமோ? முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மணி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் எடுத்து, கழுவி, பிரதி போட்டு, சட்டத்தில் மாட்ட வேண்டும்.

“மாமா, நீங்களாவது சிரிங்க.”

“ரைட்” என்ற மாமனார், டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்க்கிற மாதிரி கேமராவைப் பார்த்தார்.

அவசரத்தில் கேமராப் பொத்தானை அமுக்கினார். அமுக்குகிற நொடியில் வாலு தும்மினாள். ஒரு தாள் போயிற்று.

இரண்டாவது தாளை ஏற்றினார். “பல்லைக் காட்டாம சிரிக்கணும். மனசால சிரிக்கணும். எல்லாரும் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதை நெனச்சுக்குங்க.”

“எனக்குப் பிடிச்சதை நெனச்சா அழுகை வருது” என்றாள் மனைவி. அமுக்கிவிட்டார். அமுக்கிய பிறகுதான் தெரிந்தது, அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் போயிற்று.

ஒரே ஒரு தாள்.

வாசல் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டு அவர் உடம்பு தூக்கிப் போட்டது. நல்ல வேளை, அது அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி தந்திரம் ஒன்றும் பாக்கியில்லை.

“இங்க பாரு. இந்தப் படம் சரியா வரலன்னா கடையை மூட வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை. எனக்காக.”

மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“பொத்தானைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்களைப் பாத்தே நில்லுங்க. என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. நாங்க சிரிக்கறப்ப அமுக்கிடணும். சரியா?”

“சரி.”

அவர் தாளை ஏற்றிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். மனைவி தலையை லேசாக ஆட்டினாள். யாருக்கு ஆட்டினாள் என்று அவர் யோசிக்கவில்லை. ஏதோ ‘கிறீச்’ என்றது. அவர் காதுக்குள் ‘சோ’வென்று ஒரு சத்தம். உணர்ச்சி மிஞ்சினால் ரத்தம் காதுக்கு ஏறும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

எதிரே மூன்று முகங்களும் மலர்ந்தன.

அவர் தொழிலில் அப்படி ஒரு மலர்ச்சியைக் கண்டதில்லை. வாலுவின் வாய் தானாகத் திறந்தது. மாமனாரின் கண்ணில் நீர் கட்டியது. மனைவி முகம், பெண் பார்க்கப் போன நாளில்கூட அவர் பார்க்காத முகமாக மாறியது. என் குடும்பம்! என் மேல் இவ்வளவு பாசமா! இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்! அவருக்குக் கண் மறைத்தது. கண்ணீரோடு அமுக்கினார்.

“ஆயிடுச்சா?” என்றாள் மனைவி.

“ஆயிடுச்சு.”

“ரைட்!” என்று மாமனார் எழுந்தார். மடியில் சுருட்டி வைத்திருந்தது துண்டு. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தார்.

போட்டோக்காரர் திரும்பினார்.

குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஜன்னலை அடைத்த பலகை இல்லை. மருந்துத் தட்டுகள் இல்லை. கொடியில் எந்தக் குடும்பமும் இல்லை. தரை பளபளவென்று மின்னியது. மேலே ஷவரிலிருந்து வெந்நீர் ‘சோ’வென்று ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மாடி வீட்டு அக்காவின் தம்பி, குழாய் வேலை செய்கிறவர், பின்வாசல் வழியாக வந்து, திறப்பு விழா நடத்தியவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“பூட்டியிருந்தேனே! சாவி என்கிட்ட இருக்கே!”

“பூட்டு வாங்கினா ரெண்டு சாவி குடுப்பாங்க” என்றாள் மனைவி. “ரெண்டாவதை ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சா, ஷூவைத் துடைக்கிறது யாரு?”

“படம் கழுவி முடிஞ்சதும்னுதானே சொன்னேன்!”

“ஆயுசுக்கும் கழுவிக்கிட்டே இருப்பேன்னும் சொன்னீங்களே. குளியலறையில பேசினா மாடிப்படியில அப்படியே கேக்கும். நான் அப்பத்தான் பக்கெட்டோட மேல போய்க்கிட்டிருந்தேன்.”

எடுத்த படம் கையில் இருந்தது, கழுவ இடமில்லை. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

“என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

“நீங்க பெஞ்சு எடுக்கப் போனப்பவே சாமான் ரூம்ல எல்லாம் அடுக்கியாச்சு. போய்க் கழுவுங்க.”

“அங்க ஏது தண்ணி?”

“வெள்ளிக்கிழமையே குழாய் போட்டாச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான்.”

மேலே பேச நேரமில்லை. அவர் பிலிம் கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடினார். நிமிர்ந்ததும் தலை இடித்தது. குனிந்துகொண்டார்.

குறை சொல்லக் கூடாது, அறை நன்றாகவே இருந்தது. ஒரு துளி வெளிச்சம் உள்ளே வரவில்லை. இருட்டில் கையை நீட்டினால் எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருந்தது. பிலிமைக் கழுவினார். மின்விசிறிக் காற்றில் உலர்த்தினார். சிவப்பு விளக்கைப் போட்டு, படம் பதித்த காகிதத்தை மருந்தில் அமுக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

மருந்துக்குள்ளிருந்து முதலில் கறுப்புகள் வந்தன. தலைமுடி, கண், புருவம். பிறகு சாம்பல் நிறத்தில் கன்னங்கள். வாலுவும் மாமனாரும் அவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைப் பார்த்தார்கள் என்று இப்போது தெரியும். ஆனால் மனைவி அங்கே பார்க்கவில்லை. அவள் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவள் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவர் படியேற வேண்டாம் என்கிற நிம்மதி அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

போட்டோக்காரர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். வீங்கிய முழங்கால் அவர் நினைவுக்கு வந்தது. “ஒண்ணுமில்லம்மா, ரைட்” என்ற குரலும் நினைவுக்கு வந்தது. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. அதற்குக் கூரை மட்டும் காரணமில்லை.

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

“வாங்கம்மா, வாங்க” என்று மனைவி வரவேற்பது கேட்டது.

“படம் எங்க மாட்டியிருக்கு?”

உள்ளே அவர் கதவில் காதை வைத்தார். காட்டிக் கொடுக்கப்போகிறாள். கொடுத்தால் தப்பென்றும் சொல்ல முடியாது.

“உள்ள இருக்கும்மா. நீங்க வர்றீங்கன்னு இவரே கையில எடுத்து வச்சுக் கழுவிக்கிட்டிருக்காரு” என்றாள் மனைவி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

படத்தைக் கிளிப்பில் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். தண்ணீர் சொட்டியது.

“என்னங்க இது, படம் இவ்வளவு ஈரமா இருக்கு?” என்றார் ஜவுளிக்கடை அம்மா.

“குடும்ப அன்பும்மா. ஈரம் இருக்கத்தானே செய்யும்!”

அந்த அம்மா சிரிக்கவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாலு நகத்தைக் கடித்தாள்.

“இதுல நீங்க எங்க?”

“நான் கேமரா பக்கத்துல நிக்கறேம்மா. அவங்க... வந்து... என்னைத்தான் பாக்கறாங்க.”

“உங்களையா?”

அந்த நேரம் குளியலறைக் கதவு திறந்தது. ஆவிக்கு நடுவில், தலையில் துண்டோடு, பிறந்த குழந்தை மாதிரிப் பளபளவென்று மாமனார் வந்தார். “அப்பாடா! இப்பத்தாம்மா உயிரு வந்துச்சு!” என்றார்.

ஜவுளிக்கடை அம்மா மாமனாரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். போய்ப் பெஞ்சில் மாமனார் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து நேராகப் பார்த்தார். நேர் எதிரே குளியலறை.

“அம்மா, நீங்க சொல்லுங்க” என்று மனைவியிடம் திரும்பினார். “எதைப் பாத்தீங்க?”

போட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி சொல்லிவிட்டாள். சபதத்திலிருந்து வெந்நீர் வரை ஒன்று விடாமல் சொன்னாள். “அவங்க ரெண்டு பேரும் குளியலறையைப் பாத்தாங்கம்மா. நான் எங்கப்பாவைப் பாத்தேன்.”

போட்டோக்காரர் கண்ணைத் திறந்தார். ஜவுளிக்கடை அம்மா சிரிப்பார் என்று நினைத்தார். கோபித்துக்கொண்டு போவார் என்றும் நினைத்தார். இரண்டும் இல்லை. அவர் ஈரப் படத்தை மடியில் வைத்து, அதன் ஓரத்தை முந்தானையால் ஒற்றினார்.

“இந்த மாதிரிதான் எனக்கு வேணும்” என்றார். “அறுபது எழுபது குடும்பம் வந்து இந்தப் பெஞ்சுல உக்காரப்போகுது. ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒரு குளியலறை பூட்டிக் கெடக்கும். அது எதுன்னு கண்டுபிடிச்சுத் திறந்துவிட ஆள் வேணும். உங்க வீட்டுக்காரரால ஆகுமா?”

“நான் பாத்துக்கறேம்மா” என்று போட்டோக்காரர் வாயைத் திறந்தார்.

“நான் அவங்களைக் கேட்டேன்” என்றார் ஜவுளிக்கடை அம்மா.

மனைவி கையைப் பிசைந்தாள். கணவனை ஒரு முறை பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். “அவரால ஆகாதும்மா. என்னால ஆகும்னு தோணுது.”

“அப்ப நாளைக்கே வந்துடுங்க. வேலை உங்களுக்குத்தான்.” ஜவுளிக்கடை அம்மா எழுந்தார். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். “இவரு?”

போட்டோக்காரர் கையில் கிளிப்போடு நின்றார். அதிலிருந்து இன்னும் ஒரு சொட்டு விழுந்தது.

“வரட்டும்மா” என்றாள் மனைவி. “கறுப்புத் துணிக்குள்ள யாராவது ஒருத்தர் இருக்கணும்ல.”